ஸ்மித், கிம், நுயென்: பெயர்கள் எங்கிருந்து வந்தன? வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் வாசகர்கள் ஆள்பெயர், குடும்பப்பெயர் இரண்டைப் பற்றியும் கேட்டிருக்கிறார்கள். ஒன்றுபோல் வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

ஆங்கிலம் பேசும் நாடுகளில் எங்கு பார்த்தாலும் ஸ்மித். அத்தனை பேரும் ஏதோ ஒரு காலத்தில் ஒரே குடும்பமா?

இல்லை. ஸ்மித் என்றால் கொல்லர். ஊருக்கு ஒரு கொல்லுப்பட்டறை இருந்த காலத்தில், "எந்த ஜான்?" என்று கேட்டால் "கொல்லன் ஜான்" என்று பதில் வந்தது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு நில ஆவணங்களும் வரிப் பட்டியல்களும் பெருகின. அடுத்த இருநூறு, முந்நூறு ஆண்டுகளில் அந்த அடைமொழி மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. பேரன் இரும்பைத் தொட்டே பார்க்காதவனாக இருந்தாலும் அவன் ஸ்மித்தான். இது நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக நடந்ததால், இரண்டு ஸ்மித்களுக்கு இடையே உறவு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. 2010 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 24,42,977 ஸ்மித்கள் இருந்தார்கள். குடும்பப்பெயர்ப் பட்டியலில் அவர்களுக்கே முதலிடம்.

கொல்லர் இல்லாத ஊர் ஐரோப்பாவிலும் இல்லை, மேற்கு ஆசியாவிலும் இல்லை. அதனால் இதே பெயர் மொழிக்கு மொழி வேறு உருவில் நிற்கிறது. ஜெர்மனில் ஷ்மிட், பிரெஞ்சில் லெஃபெவ்ர், இத்தாலியனில் ஃபெராரி, ஸ்பானிஷில் எர்ரேரோ, ஹங்கேரியனில் கோவாச், போலிஷில் கோவால்ஸ்கி, ரஷ்யனில் குஸ்நெத்சோவ், அரபியில் ஹத்தாத். எல்லாம் பட்டறையிலிருந்து வந்தவையே.

ஐரோப்பியக் குடும்பப்பெயர்களில் பெரும்பாலானவற்றைத் தொழில், தந்தை பெயர், இடம், பட்டப்பெயர் என்ற நான்கில் ஒன்றில் அடக்கிவிடலாம். பேக்கர் தொழில். ஜான்சன் "ஜானின் மகன்". ஹில் குன்றருகே குடியிருந்தவர். ஆம்ஸ்ட்ராங் தோள்வலிமை உள்ளவர்.

"கோவர்ட்" என்று ஒரு குடும்பப்பெயர் பார்த்தேன். ஆங்கிலத்தில் அதற்குக் கோழை என்று அர்த்தமாயிற்றே? தன் வம்சத்துக்கு யாராவது அப்படிப் பெயர் வைத்துக்கொள்வார்களா?

அந்தப் பெயர் "மாடு மேய்ப்பவர்" என்ற பழைய கூட்டுச்சொல் தேய்ந்து வந்தது. கோழை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்த வேறு சொல். இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நின்றுவிட்டன. இன்றைய அகராதியைத் திறந்து பழைய பெயருக்குப் பொருள் சொல்வதுதான் இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் பிழை.

வாக்கர் என்ற பெயரும் இப்படித்தான். "நடப்பவர்" என்று சொல்லத் தோன்றும். நெய்து முடித்த கம்பளித் துணியைத் தண்ணீரில் ஊறப்போட்டு, காலால் மிதித்து மிதித்து இழை இறுகச் செய்யும் தொழிலாளியே வாக்கர். இதே வேலையைச் செய்தவர் இங்கிலாந்தின் தென்கிழக்கில் ஃபுல்லர், தென்மேற்கில் டக்கர், வடக்கில் வாக்கர். ஆக, பெயர் தொழிலை மட்டும் சொல்லவில்லை, முன்னோர் எந்த வட்டாரத்தில் இருந்தார்கள் என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. கெல்லாக் என்பது பன்றி அறுப்பவரைக் குறித்தது என்று கேட்டால் காலை உணவு நினைவுக்கு வரும் பலருக்கும் வியப்பாக இருக்கும்.

ஒரு குடும்பப்பெயரின் மூலத்தைத் தேட விரும்பினால் இந்த வரிசையில் போங்கள். முதலில், உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த ஆளிடமிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு என்று ஒரு தலைமுறைக்கு இரண்டு ஆவணமாவது கையில் இருக்கட்டும். நடுவே ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்தால் பக்கத்து வீட்டுக் குடும்பத்துக்குள் போய் விழுவீர்கள். அடுத்து, ஒவ்வொரு ஆவணத்திலும் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அப்படியே குறித்துக்கொள்ளுங்கள், திருத்தாதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் தன் பெயரைச் சொல்ல, எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே மனிதர் மூன்று ஆவணங்களில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பது சாதாரணம். பிறகு, கிடைத்தவற்றிலேயே பழைய உருவம் எந்த ஊரில் தோன்றுகிறது என்று பாருங்கள். கடைசியாகத்தான் பொருள். அதுவும் அந்த ஊரில் அந்தக் காலத்தில் பேசிய வட்டார வழக்கில் தேட வேண்டும். பெரும்பாலோர் கடைசிப் படியில் தொடங்குவதால் முதல் அடியே பிசகிவிடுகிறது.

கொரியர்களில் ஐந்தில் ஒருவர் கிம் என்கிறார்கள். உண்மையா? அப்படியானால் கிம்மும் கிம்மும் திருமணம் செய்துகொள்ளலாமா?

உண்மைதான். தென்கொரியாவின் 2015 கணக்கெடுப்பில் கிம் 21.5 சதவீதம், அதாவது ஒரு கோடிக்கும் மேல். லீ 14.7, பார்க் 8.4. மூன்று பெயர்களிலேயே நாட்டின் நாற்பத்து நான்கு சதவீதத்துக்கும் மேல் அடங்கிவிடுகிறது.

ஆனால் கொரியாவில் பெயர் மட்டும் போதாது, "போன்குவான்" என்ற மூல ஊரையும் சேர்த்துச் சொன்னால்தான் குலம் தெரியும். கிம்ஹே ஊர் கிம் வேறு, கியோங்ஜு ஊர் கிம் வேறு. கிம்ஹே கிம்கள் தங்களைக் கயா நாட்டு அரசர் சுரோவின் வழியினராகவும், கியோங்ஜு கிம்கள் சில்லா அரச குலத்து கிம் அல்ஜியின் வழியினராகவும் சொல்கிறார்கள். கிம்ஹே கிம்கள் மட்டுமே 44 லட்சத்துக்கும் மேல்.

திருமணக் கேள்விக்குப் பதில் இந்தப் போன்குவானில்தான் இருக்கிறது. ஒரே பெயரும் ஒரே மூல ஊரும் கொண்டவர்கள் எத்தனை தலைமுறை விலகியிருந்தாலும் மணக்கக் கூடாது என்று சட்டமே இருந்தது. 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. 2005-இல் சட்டம் திருத்தப்பட்டு, நெருங்கிய இரத்த உறவுக்கு மட்டும் தடை நின்றது. வெவ்வேறு ஊர் கிம்களுக்கு இந்தத் தடை முன்பும் இருந்ததில்லை.

இவ்வளவு பேர் எப்படிக் கிம் ஆனார்கள்? கொரியாவைப் பல நூற்றாண்டுகள் ஆண்ட ஜோசோன் அரசின் பெரும்பகுதிக் காலம் அடிமைகளுக்கும் ஏழைக் குடியானவர்களுக்கும் குடும்பப்பெயரே கிடையாது. அரசின் பிற்காலத்தில் வசதி வந்த சிலர் உயர்குலத்தாரின் வம்சாவளி ஏட்டில் பணம் கொடுத்து இடம்பிடித்தார்கள். 1894 சீர்திருத்தத்தில் பிறப்புவழிப் படிநிலை ஒழிந்தது. 1909-இல் குடும்பப் பதிவுச் சட்டம் வந்து எல்லோரும் ஒரு பெயரைப் பதிய வேண்டியதாயிற்று. பதியும்போது மதிப்புள்ள பெயரைத்தானே மனது நாடும்? கிம், லீ, பார்க் மூன்றும் வீங்கியதற்கு இதுவே பெரிய காரணம். இன்றைய கிம்களில் பலருக்குப் பழைய அரச குலத்தோடு இரத்த உறவு இருக்க வாய்ப்பில்லை. அதில் இழுக்கு எதுவும் இல்லை. பெயர் மறுக்கப்பட்டிருந்தவர்கள் நல்ல பெயராகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

வியட்நாமில் நுயென்?

ஏறத்தாழ பத்தில் நான்கு பேர். 1232-இல் ட்ரான் அரசு, தான் வீழ்த்திய லீ வம்சத்தாரை நுயென் என்று மாறச் சொன்னது. பின்னர் 1802 முதல் 1945 வரை ஆண்ட வம்சத்தின் பெயரும் நுயென். குடும்பப்பெயரால் ஆளைப் பிரித்தறிய முடியாத நிலையில் அங்கே கடைசியில் வரும் சொந்தப் பெயரால்தான் மரியாதையாகவும் அழைப்பார்கள். வோ நுயென் ஜியாப் என்ற தளபதி உலகுக்கு "ஜெனரல் ஜியாப்" ஆனது அதனால்தான்.

சீனாவில் 140 கோடிப் பேருக்குச் சில நூறு பெயர்களே பெரும்பாலும் புழங்குகின்றன, ஜப்பானில் லட்சத்துக்கும் மேல் இருக்கிறதாமே. பக்கத்துப் பக்கத்து நாடுகளில் ஏன் இந்த வித்தியாசம்?

வயதுதான் வித்தியாசம். பெயர்கள் தாமாகவே அழியும், யாரும் அழிக்க வேண்டியதில்லை.

இதைக் கணக்காகப் போட்டவர்கள் இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் கால்டனும் ஹென்றி வாட்சனும். கால்டன் 1873-இல் கேள்வியை எழுப்பினார், அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். நீங்களே போட்டுப் பார்க்கலாம். நூறு குடும்பங்கள், நூறு வெவ்வேறு பெயர்கள், பெயர் மகன் வழியாக மட்டும் செல்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு மகனே இல்லாமல் போகக் கால் பங்கு வாய்ப்பு, ஒரு மகனுக்கு அரைப் பங்கு, இரண்டு மகன்களுக்குக் கால் பங்கு. சராசரி சரியாக ஒரு மகன் என்பதால் மொத்த ஆள் எண்ணிக்கை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆனாலும் முதல் தலைமுறை முடிவில் சராசரியாக 25 பெயர்கள் போய்விடும். இரண்டாவதில் மொத்தம் 39, ஐந்தாவதில் 60, பத்தாவதில் 74. போன பெயர் திரும்பி வராது. அதன் இடத்தை மிஞ்சிய பெயர்கள் நிரப்பிக்கொள்ளும்.

(வாட்சன் ஓர் இடத்தில் சறுக்கினார். மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்தாலும் எல்லாப் பெயர்களும் அழிந்தே தீரும் என்று முடிவு கட்டினார். அது தவறு. சராசரி மகன்கள் ஒன்றுக்கு மேல் இருந்தால் சில பெயர்கள் நிலைத்துவிடும்.)

சீனக் குடும்பப்பெயர்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகத் தந்தை வழியில் இறங்கி வருகின்றன. தலைமுறைக்கு 25 ஆண்டு என்றால் 80 தலைமுறைக்கு மேல். போர், பஞ்சம், அரச குலப் பெயரை ஏற்பது, பிற இனத்தார் சீனப் பெயருக்கு மாறுவது எல்லாம் இந்தச் சல்லடையை இன்னும் வேகமாக ஆட்டின. 2020-இல் வாங், லி, ஜாங், லியூ, சென் என்ற ஐந்து பெயர்களில் மட்டும் மக்கள்தொகையின் 30.8 சதவீதத்தினர் இருந்தார்கள்.

ஜப்பானில் சாமானியர்கள் குடும்பப்பெயரை வெளிப்படையாகப் பயன்படுத்த 1870-இல்தான் அனுமதி கிடைத்தது, 1875-இல் அது கட்டாயமானது. அதற்கு முன்பே பல குடும்பங்கள் வீட்டளவில் ஒரு பெயரை வைத்திருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாமே 1875-இல் ஒரே நாளில் புனையப்பட்டவை அல்ல. பெயர்கள் பெரும்பாலும் கண்ணெதிரே இருந்த நிலத்திலிருந்து வந்தவை. தனாகா வயலின் நடு, கோபயாஷி சிறு தோப்பு, யமாகுச்சி மலையின் வாய், இஷிகாவா கல்லாறு. இரண்டு எழுத்துகளை மாற்றி மாற்றிச் சேர்த்தால் எத்தனை பெயர் வேண்டுமானாலும் கிடைக்கும். ஆண் வாரிசு இல்லாத வீட்டில் மருமகனைத் தத்தெடுத்துப் பெயரைக் காப்பாற்றும் வழக்கமும் அங்கே உண்டு. கால்டன் கணக்கை ஜப்பானியர்கள் அவ்வாறு கொஞ்சம் தடுத்து நிறுத்தினார்கள்.

குடும்பப்பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லி அரசே ஆணையிட்ட நாடுகள் உண்டா?

நிறைய. வரி வாங்க, படைக்கு ஆள் எடுக்க, சொத்தைப் பதிய, ஆளை ஆளிலிருந்து பிரித்தறிய வேண்டியிருந்தது.

மிகத் துல்லியமான தடயத்தை விட்டுச்சென்றது பிலிப்பைன்ஸ். பலரும் "டே லாஸ் சாந்தோஸ்", "டே லா குரூஸ்" என்று சமயப் பெயர்களையே எடுத்துக்கொண்டதால் வரிப் பதிவேடு குழம்பியது. ஸ்பானிய ஆளுநர் கிளாவேரியா 1849 நவம்பர் 21-இல் ஓர் ஆணை பிறப்பித்தார். சுமார் 60,000 பெயர்கள் அகர வரிசையில் அடங்கிய பட்டியல் தயாரானது. அதன் பக்கங்கள் மாகாணங்களுக்குப் போயின, அங்கிருந்து ஊர்களுக்கு. ஓர் ஊருக்குப் போன பக்கத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் பெயர்கள்தானே இருக்கும்? அதனால் ஊரே ஒரே எழுத்தானது. ஆல்பாய் மாகாணத்து ஓவாஸில் ஆர் எழுத்துப் பெயர்கள் குவிந்திருப்பது அப்படித்தான். பிலிப்பைன்ஸ்காரருக்கு ஸ்பானியப் பெயர் இருப்பதால் ஸ்பானிய முன்னோர் இருந்ததாக முடிவு கட்டக் கூடாது என்பதும் இதிலிருந்தே புரியும்.

துருக்கியில் 1934 ஜூன் 21-இல் குடும்பப்பெயர்ச் சட்டம் வந்தது. பதவி, பழங்குடி, வேற்று நாட்டினப் பெயர்களுக்கு அனுமதி இல்லை. அந்த ஆண்டு நவம்பரில் அதிபர் முஸ்தஃபா கெமாலுக்கு நாடாளுமன்றம் "அத்தாதுர்க்" என்ற பெயரை வழங்கியது. இன்று அங்கே முதலிடத்தில் இருப்பது "அஞ்சாதவர்" என்று பொருள்படும் யில்மாஸ்.

தாய்லாந்தின் 1913 சட்டத்தில் ஒரு சிறப்பு. ஒரு குடும்பத்தின் பெயரை இன்னொரு குடும்பம் எடுக்கக் கூடாது. புதிதாகப் பதிபவர் ஏற்கெனவே இல்லாத ஒன்றைத் தேட வேண்டியிருப்பதால், தாய்லாந்துக் குடும்பப்பெயர்கள் நீண்டுகொண்டே போகின்றன.

அமெரிக்காவுக்குக் கப்பலில் போனவர்களின் பெயர்களை எல்லிஸ் தீவு அதிகாரிகள் இஷ்டத்துக்கு மாற்றினார்கள் என்பது சரிதானா?

பரவலாக நம்பப்படும் கதை, ஆனால் நடைமுறை அப்படி இருக்கவில்லை. நியூயார்க் துறைமுகத்தில் குடியேற வந்தவர்களைச் சோதித்த எல்லிஸ் தீவு நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கியது. அங்கிருந்த அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. புறப்பட்ட துறைமுகத்திலேயே கப்பல் நிறுவன எழுத்தர்கள் தயாரித்த பயணிகள் பட்டியலை வைத்து ஆளைச் சரிபார்த்தார்கள். பல மொழி பேசும் மொழிபெயர்ப்பாளர்களும் கூட இருந்தார்கள்.

பெயர்கள் மாறியது உண்மை. ஆனால் மாற்றியவர்கள் பெரும்பாலும் அவர்களேதான், அதுவும் வந்து சில ஆண்டுகள் கழித்து. ஷ்மிட் ஸ்மித் ஆனார், முல்லர் மில்லர் ஆனார், ட்ஸிம்மர்மான் மொழிபெயர்ந்து கார்பென்டர் ஆனார். 1906 சட்டப்படி குடியுரிமை பெறும்போதே நீதிமன்றம் வழியாகப் பெயரையும் மாற்றிக்கொள்ள முடிந்தது. ஆகவே முன்னோரைத் தேடுபவர்கள் கப்பல் பட்டியலில் பழைய நாட்டுப் பெயரையே தேடுங்கள். புதுப் பெயர் குடியுரிமைக் கோப்பில் இருக்கும். இரண்டையும் இணைக்கும் தாள் அந்தக் கோப்பே.

வெளிநாட்டவர் பெயரில் எது குடும்பப்பெயர் என்று பதிவேட்டில் எழுதும்போது குழம்புகிறேன். கடைசிச் சொல்லை எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. சீன, கொரிய, வியட்நாமிய, ஹங்கேரியப் பெயர்களில் குடும்பப்பெயர் முதலில் வரும். யாவ் மிங் என்ற கூடைப்பந்து வீரர் திரு. யாவ். ஹங்கேரியர்கள் வெளிநாட்டவருக்காகத் தாமே வரிசையைத் திருப்பி எழுதுவதும் உண்டு என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

ஸ்பானிஷில் இரண்டு குடும்பப்பெயர்கள். வழக்கமாகத் தந்தையுடையது முதலில், தாயுடையது பின்னால். கடைசிச் சொல்லை எடுத்தால் தாய்வழிப் பெயரில் பதிவு செய்துவிடுவீர்கள். ஓவியர் பிக்காசோவின் தந்தை பெயர் ருயிஸ், பிக்காசோ தாயுடையது. அவர் விரும்பி அதை வைத்துக்கொண்டார், மற்றவர்களுக்கு நீங்களாக அப்படிச் செய்துவிடாதீர்கள். ஸ்பெயினில் 2017 முதல் எந்தப் பெயர் முதலில் என்பதைப் பெற்றோரே முடிவு செய்கிறார்கள். போர்ச்சுகீசில் வரிசை தலைகீழ், தாயுடையது முன்னால், தந்தையுடையது கடைசி.

ரஷ்யப் பெயரில் நடுவில் வருவது தந்தை பெயரிலிருந்து ஆனது, குடும்பப்பெயர் அல்ல. கணவர் இவானோவ், மனைவி இவானோவா என்றிருந்தால் அது எழுத்துப்பிழை இல்லை, பெண்பால் விகுதி.

ஐஸ்லாந்துக்காரர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பப்பெயரே இல்லை. யோனின் மகன் எய்னார் யோன்சன், மகள் அன்னா யோன்ஸ்டோட்டிர். அண்ணனும் தங்கையும் வெவ்வேறு "கடைசிப் பெயர்" வைத்திருப்பார்கள், பெற்றோரோடும் பொருந்தாது. அங்கே தொலைபேசிப் பட்டியலே சொந்தப் பெயர் வரிசையில்தான். டச்சுப் பெயர்களில் வரும் "வான்" நெதர்லாந்தில் அகர வரிசைக்குக் கணக்கில்லை, பெல்ஜியத்தில் கணக்குண்டு.

ஒரே ஒரு பெயர் மட்டும் உள்ளவர் பாஸ்போர்ட்டில், விமானச்சீட்டில் என்ன செய்வது?

பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கும் இரண்டு வரிகள் உண்டு, ஒவ்வொன்றும் 44 இடம். பெயருக்கு மேல் வரியில் 39 இடம். குடும்பப்பெயரையும் சொந்தப் பெயரையும் இரட்டை நிரப்புக்குறி (<<) பிரிக்கும். பன்னாட்டு விதிப்படி ஒற்றைப் பெயர் முழுவதும் முதல் பகுதியில் வரும், இரண்டாவது காலி. பாஸ்போர்ட் அளவில் சிக்கல் இல்லை.

சிக்கல் பயணச்சீட்டு மென்பொருளில். சில மென்பொருள்கள் எந்தக் கட்டத்தையும் காலியாக விடாது. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயரைக் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டு, மற்றதில் "முதற்பெயர் தெரியாது" என்பதன் மூன்றெழுத்துச் சுருக்கத்தை அச்சிடுகிறார்கள். சீட்டை நீங்களாக ஊகித்துப் பதியாமல், நிறுவனம் ஒற்றைப் பெயரை எப்படிப் பதிகிறது என்று கேட்டுப் பதியுங்கள். விசா இருந்தால் அதில் உள்ளபடியே இருக்கட்டும். சோதனை வாசலில் ஆளை நிறுத்துவது இரண்டு ஆவணங்களுக்கு இடையே உள்ள வேறுபாடு.

ஒற்றைப் பெயர் வழக்கம் பரவலாக உள்ள இந்தோனேசியாவில் 2022 விதிப்படி புதிய ஆவணங்களில் குறைந்தது இரண்டு சொல், அதிகபட்சம் 60 எழுத்து.

குழந்தைக்குப் பெயர் தேடுகிறோம். "இந்த ஆண்டின் முதல் நூறு பெயர்கள்" என்ற பட்டியல்களை எப்படிப் படிப்பது? அரிதான பெயர் வேண்டும்.

வரிசை எண்ணைப் பார்க்காதீர்கள், சதவீதத்தைப் பாருங்கள். இதுதான் முதல் விதி.

அமெரிக்க சமூகப் பாதுகாப்பு நிர்வாகத்தின் பெயர்த் தரவு 1880-இலிருந்து கிடைக்கிறது. 1880-இல் பிறந்த ஆண் குழந்தைகளில் 8 சதவீதத்துக்கும் மேல் ஜான், பெண்களில் 7 சதவீதத்துக்கும் மேல் மேரி. அண்மை ஆண்டுகளில் முதலிடம் பிடிக்கும் லியம், ஒலிவியா ஆகியவை ஏறக்குறைய ஒரு சதவீதமே. இரண்டும் "முதலிடம்", ஆனால் கனம் ஒன்றல்ல. வகுப்பில் உங்கள் மகளோடு இன்னும் 14 பெண்கள் இருந்தால், அவர்களில் ஒருவருக்காவது அதே பெயர் இருக்கும் வாய்ப்பு ஒரு சதவீதப் பெயருக்கு 13 சதவீதம். 1880-இன் மேரிக்கு 65. கணக்கு எளிது: ஒன்றிலிருந்து பெயரின் பங்கைக் கழித்து, வருவதை 14 முறை பெருக்கி, அதை மீண்டும் ஒன்றிலிருந்து கழியுங்கள். முதலிடப் பெயரையே வைத்தாலும் இன்று குழந்தை தனியாகத்தான் இருக்கும் என்பது பல பெற்றோருக்கு ஆறுதலாக இருக்கும்.

இரண்டாவது, எழுத்துக்கூட்டல்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். பட்டியல்கள் எழுத்துக்கு எழுத்து எண்ணுகின்றன. இங்கிலாந்து–வேல்ஸில் 2023-இல் ஆண் குழந்தைப் பெயர்களில் முதலிடம் பிடித்தது முஹம்மத், ஒரே எழுத்துக்கூட்டலில் 4,661 குழந்தைகள். அதே பெயரின் வேறு இரண்டு எழுத்துக்கூட்டல்களும் தனித்தனியாக முதல் நூறுக்குள் இருந்தன. கூப்பிடும்போது காதில் விழுவது ஒலிதானே? ஒன்றுபோல் ஒலிப்பவற்றைக் கூட்டினால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

மூன்றாவது, குறைந்தது ஐந்து ஆண்டுப் போக்கைப் பாருங்கள். 300-ஆவது இடத்திலிருந்து 80-க்கு வந்த பெயர், 40-ஆவது இடத்திலேயே நிற்கும் பெயரைவிட ஆபத்தானது. உங்களுக்குப் பிடித்த அதே காரணத்துக்காக இன்னும் ஆயிரம் பெற்றோருக்கும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பட்டியலில் இல்லாததால் உலகிலேயே இல்லை என்று நினைக்க வேண்டாம். அமெரிக்கத் தரவில் ஓர் ஆண்டில் ஐந்துக்குக் குறைவாக வைக்கப்பட்ட பெயர்களை அந்தரங்கம் கருதி வெளியிடுவதில்லை. இங்கிலாந்து–வேல்ஸில் அந்த எல்லை மூன்று. முதற்பெயர் மட்டுமே எண்ணப்படுகிறது என்பதால், வீட்டில் இரண்டாவது பெயரால் அழைக்கப்படும் குழந்தையும் முதற்பெயர்க் கணக்கில்தான் சேரும்.

ஒரு பெயர் திடீரென்று ஏறி, அப்படியே மறைந்தும் போகிறதே. யார் காரணம்?

தூண்டுதல் வெளியிலிருந்து வரலாம், ஆனால் மண் ஏற்கெனவே தயாராக இருந்தால்தான் முளைக்கும். மேடிசனைப் பாருங்கள். 1984-இல் வந்த ஓர் அமெரிக்கத் திரைப்படத்தில், கடற்கன்னி ஒரு தெருப்பலகையைப் பார்த்து அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொள்வாள். அதற்கு முன் அது பெண் பெயராக முதல் ஆயிரத்திலேயே இல்லை. 1985-இல் நுழைந்தது, 2001-இல் இரண்டாம் இடம். அதன் கடைசி அசை "மகன்" என்று பொருள்படும் குடும்பப்பெயர் விகுதி என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை. குடும்பப்பெயரைச் சொந்தப் பெயராக்கும் போக்கு அப்போது வலுத்துக்கொண்டிருந்ததால் படம் மறந்தபின்னும் பெயர் வளர்ந்தது.

ஒலியும் தொற்றும். 2005-இல் கத்ரீனா புயல் அமெரிக்காவைத் தாக்கிய பிறகு கத்ரீனா என்ற பெயர் சரிந்தது. ஆனால் கே எழுத்தில் தொடங்கும் பிற பெயர்கள் ஏறத்தாழ 9 சதவீதம் கூடின. செய்தியில் ஓயாமல் கேட்ட ஒலி, பெற்றோர் அறியாமலே மனதில் தங்கியது. பெயரையே தொழில்நுட்பம் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. குரல்வழிக் கருவிக்கு அலெக்ஸா என்று பெயரிட்ட பிறகு குழந்தைக்கு அந்தப் பெயர் வைப்பது வேகமாகக் குறைந்தது. வீட்டில் குழந்தையைக் கூப்பிட்டால் கருவி பதில் சொல்லும் நிலை யாருக்கும் வேண்டாம்.

வேகமாக ஏறிய பெயர் வேகமாகவே இறங்கும் என்பது அமெரிக்க, பிரெஞ்சுப் பதிவுகள் இரண்டிலும் தென்படுகிறது. பிரான்ஸில் 1803 சட்டம் நாட்காட்டியில் உள்ள புனிதர் பெயர்களையும் பழைய வரலாற்றுப் பெயர்களையும் மட்டுமே அனுமதித்தது. காலப்போக்கில் அது தளர்ந்து, 1993-இல் பெற்றோருக்கு முழு உரிமை வந்தது. அதற்குச் சற்று முன்பே கெவின் என்ற அயர்லாந்துப் பெயர் அங்கே உச்சிக்கு ஏறியிருந்தது. சில ஆண்டுகளில் அதே வேகத்தில் விழுந்தது. பெயரைக் கேட்டே பிறந்த காலத்தைச் சொல்லிவிடலாம் என்ற நிலை. அமெரிக்காவில் 1970 முதல் 1984 வரை தொடர்ந்து முதலிடத்தில் இருந்த ஜெனிஃபரும் அப்படித்தான்.

குடும்பப்பெயரைச் சொன்னால் அந்தக் குலத்தின் கேடயச் சின்னத்தைச் சட்டமிட்டுத் தருகிறார்களாம். வாங்கலாமா?

சுவரில் அழகுக்கு மாட்டுவதென்றால் உங்கள் விருப்பம். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் கேடயச் சின்னம் ஒரு தனி மனிதருக்கும் அவருடைய வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்பட்டது, குடும்பப்பெயருக்கு அல்ல. ஒரே பெயர் கொண்ட மற்றவர்களுக்கு அதில் உரிமை இல்லை. அந்தச் சின்னம் பெற்றவரிடமிருந்து உங்கள்வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் ஆவணம் இல்லாமல் அதை உங்களுடையது என்று சொல்ல முடியாது.